ஆரில் காமா பரவலைப் பொருத்தும்போது ‘எரர் கோட் 100’: பிழை தரவிலா, கட்டளையிலா?

கேள்வி:
வணக்கம். மருத்துவக் காப்பீட்டின் 1,143 கோரிக்கைகளுக்கான இழப்பீட்டுத் தொகைகளுக்கு, ஆர் என்னும் புள்ளியியல் மென்பொருளின் ஃபிட்டிஸ்டர்பிளஸ் தொகுப்பைக் கொண்டு காமா பரவலை (நேர்ம எண்களுக்கான, வலப்புறம் நீளும் நிகழ்தகவுப் பரவல்) பொருத்த முயல்கிறேன். தொகைகள் ரூபாயில் உள்ளன. சராசரி ஏறத்தாழ 60,000, திட்டவிலக்கம் 80,000. கட்டளையை இயக்கியதும் ‘எரர் கோட் 100’ என்று நின்றுவிடுகிறது. நார்மல் பரவல் மட்டும் தடையின்றிப் பொருந்துகிறது. தொகுப்பை இருமுறை மீண்டும் நிறுவியும் பயனில்லை.

மறுமொழி:
100 என்பது அளவுருக்களைத் தேடும் பணி தோற்றது என்பதற்கான பொதுக் குறியீடு மட்டுமே. காரணம் அதற்கு மேலே அச்சாகும் வரியில்தான் இருக்கும். அந்த வரியைத் தாருங்கள். தரவில் சுழியம் உள்ளதா என்பதையும் பாருங்கள்.

கேட்டவர்:
‘ஃபங்ஷன் கேனாட் பி எவால்யுவேட்டட் அட் இனிஷியல் பாராமீட்டர்ஸ்’ (தொடக்க அளவுருக்களில் சார்பைக் கணிக்க முடியவில்லை) என்று உள்ளது. 37 சுழியங்கள் இருக்கின்றன. அவை நிராகரிக்கப்பட்ட கோரிக்கைகள். எல்லாத் தொகைகளுடனும் 0.01 கூட்டிவிடலாமா?

மறுமொழி:
வேண்டாம். சராசரியின் வர்க்கத்தைத் திட்டவிலக்கத்தின் வர்க்கத்தால் வகுத்தால் தொடக்க வடிவ அளவுரு 0.56 என்று வருகிறது. அது 1-க்குக் குறைவாக இருக்கும்போது காமாவின் அடர்த்தி சுழியத்தில் முடிவிலியாகிவிடுவதால், தேடல் முதல் அடியிலேயே நின்றுவிடுகிறது. 0.01 கூட்டினால் பிழைச்செய்தி மறையும், ஆனால் விடை கெடும்: 60,000-இன் இயல் மடக்கை 11, 0.01-இன் மடக்கை −4.6, பின்னர் ஒப்பீட்டுக்கு லாக்நார்மலை (மடக்கை எடுத்தால் நார்மலாகும் பரவல்) பொருத்தினால், அந்த 37 வரிகளே அதன் சிதறலை ஊதிப் பெரிதாக்கிவிடும். நிராகரிக்கப்பட்ட கோரிக்கை சிறிய கோரிக்கை அன்று. பணம் வழங்கப்படுமா என்பதற்கு ஒரு நிகழ்தகவும், வழங்கப்பட்டால் எவ்வளவு என்பதற்கு ஒரு பரவலும் எனப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
சுழியங்களை நீக்கினேன். அதே 100 வருகிறது; ஆனால் மேல் வரி இப்போது ‘நான்-ஃபைனைட் ஃபைனைட்-டிஃபரன்ஸ் வேல்யூ [2]’ (வகைக்கெழுவுக்கான வேறுபாட்டு மதிப்பு முடிவுள்ள எண்ணாக இல்லை) என்று மாறிவிட்டது.

மறுமொழி:
இது முற்றிலும் வேறு கோளாறு. [2] என்பது இரண்டாம் அளவுருவான ரேட்டைக் குறிக்கிறது. ரூபாய்க் கணக்கில் அதன் மதிப்பு 0.00001 அளவில்தான் இருக்கும். உள்ளே இயங்கும் ஆப்டிம் சார்போ, வகைக்கெழுவைக் கணிக்க ஒவ்வோர் அளவுருவையும் 0.001 கூட்டியும் கழித்தும் பார்க்கிறது. கழித்தவுடன் ரேட் எதிர்மமாகி, அடர்த்தி ‘என்ஏஎன்’ (எண் அல்லாத மதிப்பு) ஆகிறது. தொகைகளை 1,00,000-ஆல் வகுத்து இலட்ச ரூபாயில் பொருத்துங்கள். வடிவ அளவுரு மாறாது. கிடைக்கும் ரேட்டை 1,00,000-ஆல் வகுத்தால் ரூபாய்க்குரிய ரேட் வந்துவிடும். (இதற்காகத் தொகுப்பை மீண்டும் நிறுவி ஒரு மாலையை இழந்தவர்களில் நானும் ஒருவன்.)

கேட்டவர்:
பொருந்திவிட்டது, வடிவம் 0.78, ரேட் 1.26. நேற்று ரூபாயிலேயே பொருத்திவைத்த லாக்நார்மலைவிட இதன் ஏஐசி (பொருத்தங்களை ஒப்பிடும் அளவு; குறைவாக இருப்பதே நல்லது) ஏறத்தாழ 25,000 குறைவாக உள்ளது. காமாவே சிறந்தது என்று எழுதிவிடலாமா?

மறுமொழி:
எழுதிவிடாதீர்கள். அலகை இலட்சமாக்கினால் ஒவ்வொரு வரியின் அடர்த்தி மடக்கையும் 1,00,000-இன் இயல் மடக்கையான 11.513 அளவு கூடும்; ஏஐசியில் அது இருமடங்காகக் கழியும். அதை 1,106 வரிகளாலும் 2-ஆலும் பெருக்கிப் பாருங்கள், 25,467 வரும். நீங்கள் காணும் வேறுபாடு பெரும்பாலும் அலகு மாறியதால் வந்தது. லாக்நார்மலையும் இலட்சத்திலேயே, அதே 1,106 வரிகளுக்குப் பொருத்திய பிறகு ஒப்பிடுங்கள்.

கேட்டவர்:
அப்படிச் செய்ததில் வேறுபாடு வெறும் 14 ஆகச் சுருங்கியது. அதுவும் லாக்நார்மலுக்குச் சாதகமாக. கியூ-கியூ வரைபடத்தின் (தரவின் மதிப்புகளைப் பரவல் எதிர்பார்க்கும் மதிப்புகளோடு ஒப்பிடும் வரைபடம்) மேல்முனையில் மட்டும் ஒன்பது புள்ளிகள் ஒரே கிடைக்கோட்டில் நிற்கின்றன. அனைத்தும் சரியாக 5,00,000.

மறுமொழி:
அது காப்பீட்டு உச்சவரம்பாக இருக்கும். உண்மைச் செலவு அதற்கு மேல் என்பது மட்டுமே தெரிவதால், அந்த ஒன்பதையும் வலப்புறம் துண்டான (ரைட்-சென்சர்ட்) தரவாகக் கொண்டு ஃபிட்டிஸ்ட்சென்ஸ் சார்பைப் பயன்படுத்துங்கள்: ‘லெஃப்ட்’ நிரலில் 5, ‘ரைட்’ நிரலில் ‘என்ஏ’ (மதிப்பு இல்லை). மற்ற வரிகளில் இரு நிரல்களிலும் ஒரே தொகை இருக்கட்டும். காமா, லாக்நார்மல் இரண்டையும் இவ்வாறே மீண்டும் பொருத்துங்கள். அந்த 14 அப்படியே நிற்கும் என்று நம்ப வேண்டாம்.