‘வேகத்தடை’யா, ‘படித்தடையி’யா?

வணக்கம் ஐயா,

வாகன ஹீட்டர் விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க உதவும் ரெசிஸ்டருக்குத் தமிழ்ப் பெயராக நீங்கள் தந்த ‘வேகத்தடை’ காதுக்கு இனிமைதான். ஆனால் ரம்பொடை மலைப்பாதை வளைவுகளில் வான் ஓட்டுபவருக்கு வேகத்தடை என்றால் ரோட்டின் குறுக்கே கிடக்கும் மேடு. கராஜில் “வேகத்தடை போய்விட்டது” என்றால் யாருக்கு விளங்கும்?

பாகத்தைக் கையில் எடுத்தால் பெயர் தானாக வரும். ஒரு தகட்டில் இரண்டு மூன்று கம்பிச்சுருள், ஓரத்தில், சூடு மிஞ்சினால் அறுந்து மின்னோட்டத்தை நிறுத்தும் ஒரு வெப்ப உருகி. விசிறி வேகத்தின் முதற்படியில் மின்னோட்டம் எல்லாச் சுருளையும் கடந்தே மோட்டாருக்குப் போகும்; படி ஏற ஏறச் சுருள் குறையும்; கடைசிப்படி நேர்வழி. உருகி அறுந்தால் கடைசிப்படி மட்டும் ஓடுவது அதனால்தான். ஆகவே ‘படித்தடையி’. தடையி நம் பாடப்புத்தகச் சொல்லே.

பாகத்தை மாற்றும் குறிப்பில் இந்தச் சொல்லை வைத்துப் பாருங்கள்:

“பெட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றவும். பல வான்களில் இடப்பக்க டேஷ்போட் பெட்டியை இறக்கினால், காற்றுக்குழாயில் இரண்டு ஸ்க்ரூவில் படித்தடையி நிற்கும். பிளக் உருகிப் பழுப்பேறியிருந்தால் அதையும் மாற்றவும். தளர்ந்த முனை சூடேறிப் புதியதையும் சுட்டுவிடும். பூட்டுமுன் விசிறியைக் கையால் சுற்றவும். இறுகினால் மோட்டார் அதிக ஓட்டம் இழுக்கும். படித்தடையி மறுபடி போகும். விசிறிக் கூட்டுக்குள் சேர்ந்த சருகையும் பைனஸ் ஊசியையும் அள்ளவும். சுருளை ஆற்றுவது விசிறிக் காற்றுதான். வெப்ப உருகிக்குப் பதில் வயர் போட்டு இணைக்கவே கூடாது. விசிறி சிக்கினால் குழாய் பிளாஸ்டிக்கே பற்றும்.”

—

தம்பி,

‘வேகத்தடை’யை விட்டுவிடுகிறேன். படித்தடையி நல்ல சொல். ஆனால் தானியங்கி ஏசி உள்ள பல வண்டிகளில் சுருளே கிடையாது. அலுமினியச் சிறகு வைத்த திரான்சிஸ்டர் பாகம்தான். வேகம் படிப்படியாக இல்லாமல் வழுக்கிக்கொண்டு ஏறும். அது கெட்டால் எல்லா வேகமும் ஒன்றாக நிற்கும், அல்லது விசிறி சொன்னபடி கேட்காமல் ஒரே வேகத்தில் ஓடும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் கடையில் தவறான சாமான் வாங்கி வருவார்கள்.

அந்தத் திரான்சிஸ்டர் பாகத்துக்கு ‘ஊதுவேக ஒழுங்காக்கி’ என்போம். ‘சீராக்கி’ வேண்டாம், உயர்தர மாணவருக்கு அது ஆடலோட்டத்தை நேரோட்டமாக்குவது.

குறிப்பின் முதல்வரியிலேயே கேட்போம்: கடைசிப்படி மட்டும் ஓடுகிறதா? ஆம் என்றால் படித்தடையி. ஒன்றுமே ஓடவில்லை என்றால் முதலில் பியூசையும் ரிலேயையும் பார்த்து, மோட்டாருக்கு நேரே 12 வோல்ட் கொடுத்துச் சுற்றுகிறதா என்று அறிந்த பிறகே ஒழுங்காக்கியில் கைவைக்கச் சொல்வோம்.