பொருள்: '--டிரை-ரன்' - ஒத்திகையா, வெள்ளோட்டமா?

அனைவருக்கும் வணக்கம். நிரல் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளின் கட்டளைகளுக்கான ஆப்ஷன் விளக்கங்களை மாணவர்களுக்காகத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை வகுப்பில் கொடுத்தாக வேண்டும். எதையும் செய்யாமல் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டச் சொல்லும் '--டிரை-ரன்' வந்த இடத்தில் பழைய வரைவில் 'உலர் ஓட்டம்' என்று கிடக்கிறது. படித்தால் மொட்டைமாடியில் துணி காயப்போட்ட மாதிரி இருக்கிறது. 'கிட் கிளீன்' கட்டளைக்கு இது ரொம்ப முக்கியம். கிட் கணக்கில் வராத கோப்புகளை அது அழித்துவிடும், எந்தக் கமிட்டிலும் (கிட் வைத்திருக்கும் பதிவிலும்) இல்லாததால் கிட்டை வைத்து மீட்கவும் வழியில்லை. அதனால்தான் இயல்பாக -எஃப் ('--ஃபோர்ஸ்') கொடுக்காமல் அழிக்க மறுக்கிறது. '--டிரை-ரன்' என்பதன் சுருக்கமான -என் கொடுத்தால் எதெது போகும் என்று பட்டியல் மட்டும் காட்டும். இந்த -என்னுக்கு 'ஒத்திகை' சரியா?
- வகுப்பு ஆசிரியை

> ஒத்திகை சரியா?

வேண்டாம் அம்மா. வெள்ளோட்டம் என்று அருமையான சொல் இருக்கிறதே. புதுத்தேர் செய்தால் சாமியை ஏற்றாமல் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்கள், அதுதான் இது. வெள் என்றால் வெறுமை. வெள்ளிடை என்றால் வெட்டவெளி, வெள்ளிடைமலை அதிலிருந்து வந்தது. புல்லறிவாண்மை அதிகாரத்தில் 'வெண்மை எனப்படுவது யாதெனின்' என்று வள்ளுவர் கேட்பது நிறத்தையா? அறிவு வெறுமையை. வெறும் ஓட்டம், வெள்ளோட்டம். இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்?
- திருவாரூர்க்காரன்

ஐயா, வேர் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வெள்ளோட்டத்தில் தேர் நிஜமாகவே நகரும், அச்சு முறிந்தாலும் முறியும். கிளீன் -என் கொடுத்தால் ஒரு கோப்பும் அசையாது. மெட்ரோ ரயிலுக்குப் பத்திரிகைகள் போடும் 'சோதனை ஓட்டம்' எல்லோருக்கும் புரியுமே என்றால், நிரலாளர்களுக்குச் சோதனை என்பது வேறு வேலை, குழப்பம்தான் வரும். (சோதனை வடசொல் என்று ஒருவர் கிளம்புவார். தொல்காப்பியரே வடஎழுத்தை நீக்கிவிட்டு எடுத்துக்கொள் என்று வழிவிட்டிருக்கிறார், அதனால் அந்தச் சண்டையை இன்னொரு நாள் போடலாம்.)
- கோவையிலிருந்து

எங்கட ஊர்க் கோயில்களிலும் சித்திரத்தேர் வெள்ளோட்டம் என்றுதான் நோட்டீஸ் அடிப்பார்கள், ஆகவே சொல் இரண்டு கரைக்கும் பொது. கோவை அண்ணை, கமிட்டுகளைச் சேவையகத்துக்கு அனுப்பும் 'புஷ்' கட்டளையை மறந்துவிட்டார். 'கிட் புஷ் --டிரை-ரன்' சேவையகம் வரைக்கும் போய்க் கதைத்து, எந்தக் கிளை மாறும் என்று சொல்லிவிட்டு, மாற்றத்தை மட்டும் அனுப்பாமல் நிற்கும். இதில் தேர் ஓடுகிறது, சாமிதான் இல்லை.
- யாழ்ப்பாணத்திலிருந்து

நிரல்களைத் தொகுக்க உதவும் குனூ மேக் கருவியில் இதே -என்னுக்கு '--ரீகான்' என்றும் ஒரு பெயர் உண்டு. அது வேவு. 'ஒற்றாடல்' என்று ஒரு அதிகாரமே இருக்க, நாம் தேருக்கும் நாடகத்துக்கும் ஏன் அலைகிறோம்? 'ஒற்று' என்றே வைத்தால் என்ன? ஒத்திகையில் எனக்கு இன்னொரு நெருடல், எங்கள் தெருவில் ஒத்தி என்றால் வீட்டை ஒத்திக்கு விடுவதுதான்.
- பழைய லினக்ஸ்காரன்

'ஒற்று' என்றால் என் மாணவர்கள் சந்திப்பிழை என்று நினைப்பார்கள், போதும்.
- வகுப்பு ஆசிரியை

வேரை அப்புறம் தோண்டலாம். -என்னுக்கு ஒரு சொல் என்று தொடங்கியதே ஆபத்து. 'ஆட்', 'கிளீன்', 'புஷ்' இவற்றில் -என் என்றால் டிரை ரன், சரி. 'கமிட்' கட்டளையில் -என் என்றால் '--நோ-வெரிஃபை': கமிட் நிஜமாகவே விழும், கமிட்டுக்கு முன் தானாக ஓடும் சோதனையான பிரீ-கமிட் ஹூக்கும் ஓடாது. சேவையகத்திலிருந்து மாற்றங்களை எடுக்கும் 'ஃபெட்ச்' கட்டளையில் அது '--நோ-டேக்ஸ்', டேக் என்ற பெயர்க்குறிகளை எடுக்காது. பழைய கமிட்டின் மாற்றத்தைத் திருப்பும் 'ரிவர்ட்', வேறொரு கமிட்டை எடுத்துப்போடும் 'செர்ரி-பிக்' இரண்டிலும் '--நோ-கமிட்', கோப்புகளை மாற்றிவிட்டுக் கமிட் மட்டும் போடாது. -என் என்றாலே ஒத்திகை என்று கையேட்டில் ஒருமுறை படித்த பையன் கமிட் -என் அடித்தால் என்ன ஆகும்? எந்தச் சொல்லை வைத்தாலும் முழுப்பெயரான '--டிரை-ரன்' பக்கத்தில் வையுங்கள், -என் எந்தக் கட்டளையில் என்ன செய்யும் என்பதை அந்தந்த இடத்தில் தனியாக எழுதுங்கள். சொல்லைப் பொறுத்தவரை 'டிரை ரன்' என்றே விட்டாலும் எனக்குச் சம்மதம், பிழைச்செய்தியைத் தேடும்போது அதைத்தானே தட்டப் போகிறார்கள்.
- பெங்களூரிலிருந்து

இது உருப்படியான யோசனை. நேரமில்லாததால் இப்படிப் போடுகிறேன்: "--டிரை-ரன்: ஒத்திகை. என்ன நடக்கும் என்று காட்டும், நடத்தாது. 'கமிட்' கட்டளையில் -என் ஒத்திகை அல்ல. அங்கே முழுப்பெயரையே தட்டவும்." ஐந்து பேர் ஒத்திகைக்குத் தனிமடலில் சரி சொல்லியிருக்கிறார்கள், பாதிப்பேர் இழை முடிந்தால் போதும் என்ற தொனியில்.
- வகுப்பு ஆசிரியை

ஐந்து பேர் சொன்னால் வேர் மாறிவிடுமா? சரி, வகுப்புக்குப் போகட்டும். சொல்லடைவில் புஷ்ஷுக்கு மட்டுமாவது 'வெள்ளோட்டம் எனவும் வழங்கும்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், யாழ்ப்பாணத்தாரும் நானும் அதில் பின்வாங்குவதாக இல்லை. அப்புறம், அதே வரைவில் '--ஃபோர்ஸ்' பக்கத்தில் யாரோ 'வன்முறை' என்று எழுதியிருக்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் அதை முதலில் எடுங்கள்.
- திருவாரூர்க்காரன்