புதுப்பிப்பு: இடுப்பில் வந்த படர்தாமரை சரியாகிவிட்டது

இடுப்பில் வட்ட வட்டமாக அரிப்பு, மருந்துக்கடை கிரீம் போட்டால் அடங்கி மறுபடி பரவுகிறது என்று மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. டியூபில் குளோபெட்டசால் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னவர் சொன்னதுதான் சரி. இருந்தது. அது ஸ்டீராய்டு, அரிப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சையை வளரவிடும்.

காட்பாடியில் தோல் மருத்துவர் ஓரத்தைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்து பூஞ்சைதான் என்று உறுதி செய்தார். பூஞ்சையைக் கொல்ல இட்ராகோனசோல் மாத்திரை, லுலிகோனசோல் கிரீம் கொடுத்தார். வட்டத்துக்கு வெளியேயும் 2 செ.மீ. தடவச் சொன்னார்.

பழைய கிரீமை நிறுத்திய முதல் வாரம் சிவப்பு அதிகமாகி பயந்துவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, பையனுக்கும் தொடையிடுக்கில் இருந்திருக்கிறது, வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. வீட்டில் எல்லோரும் துடைப்பது ஒரே துண்டில், பரவாமல் என்ன செய்யும்! அவனுக்கும் வைத்தியம். வேலூர் வெயிலுக்கு நான் ஜீன்ஸை விட்டு வேட்டிக்கு மாறினேன். 6 வாரத்தில் தெளிந்தது. மேலும் 2 வாரம் கிரீம் தடவினேன். கறுப்புத் தழும்பு மட்டும் இன்னும் இருக்கிறது.