சி டிரைவில் எதை அழித்தாலும் இரண்டே நாளில் மறுபடி நிரம்பிவிடுகிறது (விண்டோஸ் 7, பழைய டிடிபி மெஷின்)

செண்பகா டிடிபி

வணக்கம். கோவில்பட்டியில் சின்னதாக ஒரு டிடிபி (கம்ப்யூட்டரில் நோட்டீஸ், பத்திரிகை வடிவமைப்பது), ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடையில் இரண்டு கம்ப்யூட்டர். பிரச்சினை பழையதில்தான். 2010-ல் அசெம்பிள் செய்து வாங்கியது. கோர் 2 டுவோ, 2 ஜிபி ரேம், 160 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 7, 32 பிட். சி டிரைவ் 40 ஜிபி, டி டிரைவ் 109 ஜிபி என்று அன்றைக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

ஒரு மாதமாக சி டிரைவின் கோடு சிவப்பாகவே கிடக்கிறது. நேற்றுக் காலை பார்த்தபோது 412 எம்பி மட்டும் மீதி. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரில் பிரிண்ட் கொடுத்தால் பாதியில் நின்றுவிடுகிறது. போட்டோஷாப்பைத் திறக்கும்போதே ஸ்கிராட்ச் டிஸ்க் (அது தற்காலிகமாக எழுதும் இடம்) நிரம்பிவிட்டது என்று சொல்லி மூடிக்கொள்கிறது.

நான் சும்மா இருக்கவில்லை. ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தேன். ரன் பெட்டியில் டெம்ப் என்று கொடுத்து, வந்த கோப்புகளையெல்லாம் அழித்தேன். டிஸ்க் கிளீனப் ஓட்டினேன். டெஸ்க்டாப்பில் கிடந்த வேலைகளை டி டிரைவுக்கு மாற்றினேன். எல்லாம் சேர்த்து 3 ஜிபி கிடைத்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பழையபடி 600 எம்பி! இடையில் நான் எதையும் இன்ஸ்டால் செய்யவில்லை, ஒரு படம்கூட சி டிரைவில் சேமிக்கவில்லை. வைரஸ் ஸ்கேன் முழுதாக ஓட்டினேன், ஒன்றும் அகப்படவில்லை.

ரிப்பேர் கடையில் கேட்டதற்கு, "பழசுதானே, பார்மேட் பண்ணிடலாம், இல்லாட்டி தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்றார்கள். அது என்னால் முடியாது. பதினான்கு வருஷத்துக் கோயில் கொடை (ஊர்த் திருவிழா) நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் பேஜ்மேக்கர் 7-லும் கோரல் 12-லும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலும் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்தாகக் கொட்டுகிறது. ஊர்க்காரர்கள் வந்து, "போன வருஷ நோட்டீஸையே எடுங்க, தேதியையும் வரிதாரர் பேரையும் மட்டும் மாத்துங்க" என்பார்கள். அந்தக் கோப்பு திறக்காவிட்டால் அந்த வேலை எனக்கு இல்லை. கடையின் பழைய லேசர் பிரிண்டருக்கும் இந்த மெஷினில் மட்டும்தான் டிரைவர் இருக்கிறது.

ஆடி பிறந்தால் கொடை சீசன், அதற்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

கரிசல் மண்

அக்கா, பார்மேட் வேண்டவே வேண்டாம். முதலில் உடனடியாக 1.5 ஜிபி கிடைக்க ஒரு வழி. விண்டோஸ் 7-ல் ஹைபர்நேட் (திறந்திருக்கும் வேலையை டிஸ்க்கில் எழுதிவைத்து மெஷினை அணைப்பது) வசதிக்காக ரேமின் அளவில் முக்கால் பங்குக்கு ஒரு மறைவான கோப்பு சி டிரைவில் உட்கார்ந்திருக்கும். 2 ஜிபி ரேம் என்றால் 1.5 ஜிபி. கடையில் மெஷினை ஷட் டவுன் செய்துவிட்டுத்தானே போவீர்கள்? அப்படியானால் அது தேவையில்லை. அந்தக் கோப்பைக் கையால் அழிக்க முடியாது. கமாண்ட் பிராம்ப்டை ரைட் கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள். பவர்சிஎஃப்ஜி, ஓர் இடைவெளி, ஹைஃபன் ஹெச், ஓர் இடைவெளி, ஆஃப். இதை ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டினால் போதும், கோப்பு தானே போய்விடும்.

பேஜ் ஃபைல் என்று இன்னொன்று இருக்கும், ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் கோப்பு. அதைத் தொடாதீர்கள், 2 ஜிபி ரேம் உள்ள மெஷினுக்கு அது கட்டாயம் வேண்டும்.

டிஸ்க் கிளீனப் ஓட்டியதாகச் சொன்னீர்கள். அதற்குள் 'கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதை அழுத்தினீர்களா? அழுத்தினால்தான் பழைய விண்டோஸ் அப்டேட்டுகளை நீக்கும் வரி தெரியும். 2013 அக்டோபரில் வந்த ஓர் அப்டேட்டுக்குப் பிறகுதான் விண்டோஸ் 7-க்கு அந்த வரியே வந்தது. அதை டிக் செய்து ஓட்டுங்கள். ரொம்ப நேரம் எடுக்கும், பாதியில் நிறுத்தாதீர்கள்.

நான்காம் தெரு

சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்று ஒன்று இருக்கும். எனக்கு அது மட்டும் 9 ஜிபி காட்டியது. அதற்குள் இருப்பதை அழித்துப் பாருங்கள்.

ஹார்டுவேர் 2006

செண்பகா அம்மா, மேலே சொன்னதைச் செய்யாதீர்கள், மெஷின் திரும்ப பூட் ஆகாமல் போகலாம். அந்த ஃபோல்டரில் இருக்கும் கோப்புகள் பெரும்பாலும் விண்டோஸின் மற்ற இடங்களில் இருக்கும் அதே கோப்புகள்தான். ஒரே கோப்புக்கு இரண்டு வாசல் மாதிரி. எக்ஸ்ப்ளோரர் இரண்டு வாசலையும் தனித்தனியாக எண்ணுவதால் அளவு பெரிதாகத் தெரிகிறது. விண்டோஸ் ஃபோல்டரில் உள்ள 'இன்ஸ்டாலர்' ஃபோல்டரையும் தொடாதீர்கள், கை வைத்தால் பிறகு சில மென்பொருள்களை நீக்கவும் முடியாது, சரிசெய்யவும் முடியாது.

நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். 3 ஜிபி காலி செய்கிறீர்கள், இரண்டு நாளில் அது போய்விடுகிறது. அப்படியென்றால் ஏதோ ஒன்று நிற்காமல் எழுதிக்கொண்டே இருக்கிறது. அது எது என்று பிடிக்கும்வரை நீங்கள் அழிப்பதெல்லாம் ஓட்டை வாளியில் ஊற்றிய தண்ணீர்தான்.

வின்டிர்ஸ்டாட் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று கட்டம் கட்டமாகக் காட்டும். இடம் குறைவு என்பதால் டி டிரைவில் இன்ஸ்டால் செய்யுங்கள். ஓட்டும்போது கட்டாயம் 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுங்கள். இல்லையென்றால் அனுமதி இல்லாத ஃபோல்டர்களைத் தாண்டிப் போய்விடும், நாம் தேடுவது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

முக்கியமாக இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் டெம்ப். நீங்கள் ரன் பெட்டியில் கொடுத்துத் திறந்தது உங்கள் பயனர் கணக்கின் டெம்ப், இது வேறு. இரண்டு, விண்டோஸ், லாக்ஸ், சிபிஎஸ் என்று போகும் ஃபோல்டர். என்ன அளவு காட்டுகிறது என்று இங்கே எழுதுங்கள், அதுவரை எதையும் அழிக்காதீர்கள்.

செண்பகா டிடிபி

பார்த்துவிட்டேன் சார். வின்எஸ்எக்ஸ்எஸ் பக்கமே போகவில்லை.

விண்டோஸ் டெம்ப்பைத் திறந்ததும் அனுமதி இல்லை என்றது, 'கன்டின்யூ' கொடுத்து உள்ளே போனேன். கேப் என்று தொடங்கி எண்ணோடு பெயர் வைத்த கோப்புகள், 113. ஒவ்வொன்றும் 100 எம்பி-க்கு மேல். மொத்தம் 11.6 ஜிபி! கடைசிக் கோப்பு இன்று காலை கடை திறந்த பிறகு உருவாகியிருக்கிறது. சிபிஎஸ் ஃபோல்டரில் சிபிஎஸ்பெர்சிஸ்ட் என்று தொடங்கும் ஒரே ஒரு லாக் மட்டும் 2.3 ஜிபி. இவ்வளவு நாள் என் கண்ணெதிரே இருந்திருக்கிறது. இதை அழிக்கலாமா? இது என்ன என்று தெரியாமல் கை வைக்க பயமாக இருக்கிறது.

ஹார்டுவேர் 2006

பயப்படாமல் அழிக்கலாம் அம்மா. காரணத்தைச் சொல்கிறேன், பிறகு எப்போதாவது வந்தால் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

விண்டோஸ் தன் அப்டேட், சரிபார்ப்பு வேலைகளையெல்லாம் ஒரு லாக் கோப்பில் எழுதி வைக்கும். அது பெரிதானதும் எடுத்து ஒதுக்கிவைத்து, மேக்கேப் என்ற சின்ன நிரலைக் கொண்டு சுருக்கும். அந்த நிரலால் 2 ஜிபி-க்கு மேற்பட்ட கோப்பைச் சுருக்க முடியாது. உங்கள் லாக் எப்போதோ அந்த அளவைத் தாண்டிவிட்டது. அதனால் சுருக்க ஆரம்பிக்கிறது, பாதியில் தோற்கிறது, செய்த பாதியை டெம்ப்பில் அப்படியே போட்டுவிட்டுப் போகிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முதலிலிருந்து முயற்சி. ஒவ்வொரு தோல்விக்கும் 100 எம்பி. நீங்கள் கேப் கோப்புகளை மட்டும் அழித்தாலும் திரும்ப வரும். அந்த 2.3 ஜிபி லாக் போக வேண்டும்.

ஸ்டார்ட் மெனுவில் சர்வீசஸ் என்று தேடித் திறங்கள். 'விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர்' ஓடிக்கொண்டிருந்தால் 'ஸ்டாப்' கொடுங்கள். அந்த லாக் கோப்பை ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு டெலீட் செய்யுங்கள், ரீசைக்கிள் பின்னுக்குப் போனால் இடம் கிடைக்காது. அப்புறம் டெம்ப்பில் உள்ள கேப் கோப்புகள். ஏதாவது ஒன்று பயன்பாட்டில் இருக்கிறது என்றால் 'ஸ்கிப்' கொடுத்துவிட்டு, ரீஸ்டார்ட் செய்தபின் அழித்துக்கொள்ளுங்கள்.

கரிசல் மண்

சார் சொன்னது முடிந்ததும் டி டிரைவையும் பாருங்கள் அக்கா. நானும் விருதுநகரில் ஏழு வருஷம் டிடிபி செய்தவன். நம் தொழிலில் இடத்தைத் தின்பது மூன்று.

பேஜ்மேக்கரில் 'சேவ்' கொடுக்கக் கொடுக்க, மாற்றங்களைப் பழைய கோப்பின் வாலில் சேர்த்துக்கொண்டே போகும். வருஷா வருஷம் ஒரே நோட்டீஸைத் திருத்தினால் கோப்பு வீங்கும். பிரிஃபரன்ஸஸில் 'சேவ்' என்பதற்கு நேரே 'ஸ்மாலர்' என்று மாற்றிவிடுங்கள். பழைய கோப்பைத் திறந்து ஒரு முறை 'சேவ் ஆஸ்' கொடுத்தாலே இளைக்கும்.

படம் வரையும் கோரல், நீங்கள் சேமிக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் 'பேக்கப் ஆஃப்' என்று தொடங்கும் பெயரில் பக்கத்திலேயே இன்னொன்று வைக்கும். டி டிரைவில் அந்தப் பெயரைத் தேடுங்கள். வேலை முடிந்து வருஷக்கணக்கானவற்றை நீக்கலாம். ஆனால் மூலக் கோப்பு நன்றாகத் திறக்கிறதா என்று பார்த்த பிறகு.

மூன்றாவது ஸ்கேன். ஏ4 தாளை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) கலரில் ஸ்கேன் செய்து, சுருக்காத பிட்மேப் படமாகச் சேமித்தால் ஒரு பக்கம் 100 எம்பி. 300 டிபிஐ என்றால் 25 எம்பி. அதையே ஜேபெக் ஆக்கினால் ஓரிரு எம்பி-யில் முடிந்துவிடும். அதோடு, வாடிக்கையாளரின் ஆதார், பத்திர நகல்களை நாம் வைத்துக்கொள்ளவே கூடாது. அவர் கையில் தாளைக் கொடுத்ததும் அழித்துவிடுங்கள். இடத்துக்காக மட்டும் சொல்லவில்லை, அது அவருடைய பொருள்.

செண்பகா டிடிபி

செய்துவிட்டேன்! ஹைபர்நேட்டும் நீக்கிவிட்டேன். இப்போது சி டிரைவில் 15.7 ஜிபி காலி. ஐந்து நாள் பொறுத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், டெம்ப்பில் ஒரு கேப் கோப்புகூட மறுபடி வரவில்லை. காலையில் ஒரு கொடை நோட்டீஸ், நான்கு பக்கம், நிற்காமல் பிரிண்ட் ஆனது. எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை. ஹார்டுவேர் சார், தம்பி, இருவருக்கும் நன்றி.

ஆதார் நகலைப் பற்றித் தம்பி சொன்னது மனதில் பட்டது. 2016-லிருந்து ஸ்கேன் ஃபோல்டரைக் கழிக்கவே இல்லை. நேற்று உட்கார்ந்து எல்லாவற்றையும் நீக்கினேன். டி டிரைவில் 31 ஜிபி கிடைத்தது.

ஹார்டுவேர் 2006

நல்லது அம்மா. ஆனால் அந்த டிஸ்க்குக்குப் பதினைந்து வயது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு 'ரீஅலோகேட்டட் செக்டர்ஸ்', 'கரன்ட் பெண்டிங் செக்டர்ஸ்' இரண்டு வரியையும் பாருங்கள். டிஸ்க்கில் பழுதான இடங்களையும், பழுதென்று சந்தேகிக்கப்படும் இடங்களையும் அவை எண்ணிக் காட்டும். பூஜ்யத்துக்கு மேல் எண் இருந்து, அது ஏறிக்கொண்டும் போனால் டிஸ்க் விடைபெறத் தயாராகிறது என்று அர்த்தம். எதுவானாலும் ஆடிக்கு முன்னால் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கி டி டிரைவை முழுதாக நகல் எடுங்கள். எழுத்துரு ஃபோல்டரையும் பிரிண்டர் டிரைவரையும் சேர்த்து. பென் டிரைவை நம்ப வேண்டாம்.

சீசன் முடிந்ததும் 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) ஒன்று வாங்கி, இந்த டிஸ்க்கை அப்படியே அதில் குளோன் (முழு நகல்) செய்துவிடலாம். விண்டோஸ், பேஜ்மேக்கர், எழுத்துரு எல்லாம் இருந்தபடியே வந்துவிடும். குளோன் செய்பவர் பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அடிப்படை அமைப்புத் திரை), டிஸ்க் இணைப்பு முறையான சாட்டா அமைப்பை ஐடிஇ-யிலிருந்து ஏஹெச்சிஐ-க்கு மாற்றப் பார்த்தால் தடுத்துவிடுங்கள், முன்னேற்பாடு இல்லாமல் மாற்றினால் நீலத் திரைதான் வரும். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. ஆகவே மெயில், பேங்க் வேலையெல்லாம் புது மெஷினில் வைத்துக்கொண்டு, இதன் நெட் ஒயரைக் கழற்றிவிடுங்கள்.

செண்பகா டிடிபி

பெண்டிங் என்ற வரியில் 8 என்று காட்டுகிறது சார். பார்த்த உடனே கடையைப் பாதியில் அடைத்துவிட்டுப் போய் 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி வந்தேன். 2010-லிருந்து 2017 வரை நகல் எடுத்தாயிற்று. 2018-க்கான ஃபோல்டரில் இரண்டு கல்யாணப் பத்திரிகைகள் மட்டும் காப்பி ஆக மறுக்கின்றன, மற்றதெல்லாம் போய்க்கொண்டிருக்கிறது. அந்த இரண்டையும் கடைசியில் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன். நெட் ஒயரைக் கழற்றிவிட்டேன்.