மானியம் வந்த மாதமும் வராத மாதமும்: கடலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

கெடிலக்கரை:

கடலூரில் அரசு மானியத்தில் நடந்த 15 படுக்கைப் போதை மீட்பு மையம் ஒன்றில் ஆறு வருடம் கணக்கு எழுதினேன். நான் கவுன்சிலரும் இல்லை, நர்ஸும் இல்லை. ஆனால் பணம் வந்த மாதம் அந்த வீடு எப்படி இருக்கும், வராத மாதம் எப்படி இருக்கும் என்பது கணக்கு எழுதுகிறவனுக்குத்தான் முதலில் தெரியும். அதனால் நான் ஆரம்பிக்கிறேன். உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

இந்த மாதிரி மையங்களுக்கு மத்திய சமூக நீதி அமைச்சகம் தொண்டு நிறுவனங்கள் வழியாகப் பணம் தருகிறது. நோயாளிக்குப் படுக்கை, சாப்பாடு, மருந்து எல்லாம் இலவசம். வாடகை, சம்பளம், மருந்து, சாப்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தொகை எழுதி வரும். அது தவணையாக வரும். முந்தைய பணத்தைச் செலவு செய்த கணக்கை ஆடிட்டர் சரிபார்த்து, 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் போக வேண்டும். நாங்கள் அதை யூசி என்போம். யூசி போகாமல் அடுத்த பணம் நகராது. பொதுமக்கள் பணம், கணக்குக் கேட்பது சரிதான். அதில் எனக்குக் குறை இல்லை.

ஒரு வருடம் எங்கள் பக்கமே தவறு நடந்தது. நிர்வாகக் குழுவில் இரண்டு பேருக்குள் மனக்கசப்பு. கையெழுத்து விழவில்லை, தணிக்கை அறிக்கை நின்றது, யூசி இரண்டரை மாதம் தாமதமாகப் போனது. அதன் பலன் அடுத்த ஏப்ரலில் தெரிந்தது.

ஏப்ரல் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிறவர்களுக்குத் தொழில் இல்லை. குடி அதிகமாகும், வீட்டில் சண்டை அதிகமாகும். அதே சமயம், ஒரு மாதம் எங்கேயாவது தங்கி வைத்தியம் பார்க்க அவர்களுக்கு நேரம் கிடைப்பதும் அப்போதுதான். மனைவியோ தம்பியோ கையைப் பிடித்துக் கூட்டி வருவார்கள். எங்கள் 15 படுக்கையும் நிரம்புவது அந்த இரண்டு மாதம். நிதியாண்டு முடிந்து கையிருப்பு காலியாக இருப்பதும் அந்த இரண்டு மாதம்தான். ஆறு வருடமும் பேரேட்டில் இதையே பார்த்தேன்.

அந்த வருடம் நான்கு மாதம் சம்பளம் இல்லை. மஞ்சக்குப்பத்து மளிகைக்கடைக்காரர் அரிசியும் பருப்பும் கடனில் கொடுத்தார், ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. வார்டு வேலைக்கு இருந்தவர் குடியை விட்டு ஒன்பது வருடம் ஆனவர். சம்பளம் இல்லாமலே ராத்திரி ட்யூட்டி பார்த்தார். கவுன்சிலருக்கு இரண்டு குழந்தைகள். மூன்றாவது மாதம் அவர் பாண்டியில் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

டிஸ்சார்ஜ் ஆனவர்களை வாரம் ஒருமுறை போனில் கூப்பிட்டுப் பேசுவது அவர் வேலை. யார் எந்தப் படகு, யாருக்கு எந்த நாள் பங்குப்பணம் கைக்கு வரும், எந்த மாமனார் ஊற்றிக் கொடுப்பார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் போனதும் அந்த நோட்டை என்னிடம் கொடுத்தார்கள். நானும் கூப்பிட்டேன். "சார் இல்லையா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். அந்த மழைக்காலத்துக்குள் எனக்குத் தெரிந்தே ஐந்து பேர் சறுக்கினார்கள். கணக்கில் அதற்கு ஒரு தலைப்பு கிடையாது. படுக்கை நிரம்பிய நாள் மட்டும்தான் எழுதப்படும்.

உப்பங்காற்று:

அண்ணா, நான் தாழங்குடா. எங்க வீட்டுக்காரர் நீங்கள் சொல்கிற மாதிரி ஒரு தடைக்காலத்தில்தான் மையத்துக்குப் போனார். எந்த மையம் என்று எழுதவில்லை.

அதற்கு முன்னால் ஒரு தனியார் இடத்தில் மாதம் 18,000 ரூபாய் கட்டினோம். தாலிச்சரடு வரை போனது. அங்கே அடித்தார்கள். வெளியே வந்த அன்றே முள்ளோடைக்குப் போய்க் குடித்துவிட்டு வந்தார். பாலத்தைத் தாண்டினால் பாண்டி எல்லை, எங்களுக்கு அது பக்கத்துத் தெரு மாதிரி.

அப்புறம் சொந்தக்காரர்கள் பேச்சைக் கேட்டு வீட்டிலேயே பூட்டி வைத்து நிறுத்தப் பார்த்தோம். முதல் நாள் கை நடுக்கம், வியர்வை. மூன்றாம் நாள் ராத்திரி, வலை முழுக்கப் பாம்பு இருக்கிறது என்று கத்தினார், வலிப்பு வந்தது. பேய் பிடித்துவிட்டது என்றார் எங்க அத்தை. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பல வருடம் தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் இப்படி ஆகும், உயிரே போகலாம் என்று டாக்டர்தான் விளக்கினார். தூங்க மாத்திரையும், நரம்புக்கு வைட்டமின் ஊசியும் போட்டார்கள். தயவுசெய்து யாரும் வீட்டில் வைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள்.

மையத்தில் ஒரு பைசா வாங்கவில்லை. ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது அது இல்லை அண்ணா. சனிக்கிழமை குடும்பத்தாரை உட்கார வைத்துப் பேசுவார்கள். என் தப்பு என்ன என்று யாரும் கேட்கவில்லை, நான் சாப்பிட்டேனா என்று கேட்டார்கள். பதினோரு வருடக் கல்யாண வாழ்க்கையில் அந்தக் கேள்வியை வெளி ஆள் கேட்டது அன்றுதான். அங்கேயும் கவுன்சிலர் மேடம் இரண்டு தடவை மாறிவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. ஏன் மாறுகிறார்கள் என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் புரிகிறது.

பலாத்தோப்பு:

நான் பண்ருட்டிப் பக்கம், வயது 63. எங்கள் வீட்டுக் கதை குடி இல்லை, மனநோய். ஆனாலும் பேச்சு ஒன்றுதான் என்பதால் எழுதுகிறேன் தம்பி.

பையனுக்கு 22 வயதில் காதில் குரல் கேட்க ஆரம்பித்தது. மனநோயாளிகளைக் கொண்டு விடுகிற ஏர்வாடி தர்காவில் விடச் சொன்னார் மச்சினர். 2001 ஆகஸ்ட்டில் அங்கே சங்கிலியில் கட்டி வைத்திருந்த 28 பேர் தீயில் கருகிய செய்தி என் மனசில் இருந்தது. மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பாண்டியில் இருக்கிற ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். நல்ல வைத்தியம், குரல் அடங்கியது. ஆனால் விடியற்காலை பஸ் ஏறினால் ராத்திரிதான் வீடு. பஸ்ஸில் அவன் தனக்குத்தானே பேசினால் ஜனங்கள் தள்ளி உட்காருவார்கள். இரண்டு பேர் கூலியும் போய்விடும். முந்திரிக்கொட்டை உடைக்கிற வீட்டில் அது பெரிய தொகை.

மாவட்ட மனநலத் திட்டத்தில் டாக்டர் பக்கத்து ஊருக்கே குறித்த நாளில் வருகிறார் என்று கிராம நர்ஸ் சொல்லித்தான் தெரிந்தது. 1996-லேயே நாட்டில் ஆரம்பித்த திட்டமாம், எனக்கு எத்தனையோ வருடம் கழித்துத்தான் தெரிந்தது. மாதா மாதம் மாத்திரை இலவசம். மூன்று வருடம் பையன் தோப்பு வேலைக்குப் போனான், தங்கை கல்யாணத்தில் பந்தி பரிமாறினான்.

ஒரு மாதம், அவன் சாப்பிடுகிற மாத்திரை மட்டும் வரவில்லை. அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். அடுத்த வாரமும் இல்லை. வெளியே வாங்கலாம் என்று யாராவது சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் கடன் வாங்கியாவது வாங்கியிருப்பேன். பதினெட்டாம் நாள் அவன் தூங்கவில்லை. இருபதாம் நாள் கிணற்று மேட்டில் நின்றான். தூக்கி வந்தோம். மறுபடி அவன் தேற ஐந்து மாதம் ஆனது.

இப்போது எப்போதும் பதினைந்து நாள் மாத்திரை கூடுதலாக டப்பாவில் இருக்கும். சீட்டில் மாத்திரையின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி வாங்கிக்கொள்வேன். இப்படி மாத்திரை சாப்பிடுகிற பிள்ளைகள் வைத்திருக்கிற அம்மாக்கள் இதைச் செய்யுங்கள். ராத்திரி நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் போனால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுகிறார்கள். ஒரு தடவை நானே அழுதுகொண்டு கூப்பிட்டேன்.

கெடிலக்கரை:

அம்மா, அந்தப் பதினெட்டு நாளை நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எங்களுக்குச் சம்பளம் நின்றதும் உங்களுக்கு மாத்திரை நின்றதும் காகிதத்தில் "தாமதம்" என்ற ஒரே வார்த்தைதான்.

தனிச்செய்தியில் இரண்டு பேர் சொந்தமாக மையம் தொடங்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தொண்டு நிறுவனங்களுக்கான அரசின் தர்பன் தளத்தில் நிறுவனப் பதிவு, அரசுப் பணம் வருவதைக் கண்காணிக்கும் பிஎஃப்எம்எஸ் தளத்தில் வங்கிக் கணக்குப் பதிவு, 2017 மனநலச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தின் பதிவு, பிறகு மானியத்துக்கான இ-அனுதான் தளத்தில் விண்ணப்பம். அதெல்லாம் உட்கார்ந்தால் முடித்துவிடலாம். நான் கேட்டுக்கொள்வது வேறு. மூன்று மாதச் சம்பளமும் மளிகையும் உங்கள் கையில் தனியாக இல்லாமல் முதல் நோயாளியைச் சேர்க்காதீர்கள். பில்களை அன்றன்றே ஒட்டி வையுங்கள், ஏப்ரல் பிறந்ததும் ஆடிட்டர் வீட்டு வாசலில் நில்லுங்கள். கவுன்சிலர் போனாலும் நோட்டு போகக்கூடாது. வாரப் போனை இரண்டு பேர் சேர்ந்து செய்யப் பழக்குங்கள்.

தாழங்குடா தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரருக்கு இப்போது யார் போன் செய்கிறார்கள்? யாரும் இல்லை என்றால் 14446 இலவச எண், போதைக்கென்றே உள்ளது. நான் சொன்ன ராத்திரி ட்யூட்டி அண்ணனும் துறைமுகத்துப் பக்கம்தான் இருக்கிறார். இன்னும் குடிக்கவில்லை, பதினாறு வருடம் ஆகிறது. நீங்கள் சரி என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டுக்கு வரச் சொல்கிறேன்.

உப்பங்காற்று:

வரச் சொல்லுங்கள் அண்ணா. காலையில் வேண்டாம், எங்க வீட்டுக்காரர் கடலுக்குப் போய் வந்து தூங்குவார். நாலு மணிக்கு மேல்.