ரிஸ்க் ஷீட்டில் பச்சையாக இருந்த ஒரு வரி: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

2021 டிசம்பர் 10, வெள்ளிக்கிழமை. சென்னையில் எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்த காலம். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தபோது லாக்4ஜேயில் பாதுகாப்பு ஓட்டை என்ற செய்தி எங்கள் குழுவில் வந்து விழுந்தது, தீவிரம் 10-க்கு 10 என்று. அது ஜாவாக்காரர்கள் யோசிக்காமலே சேர்த்துக்கொள்கிற நூலகம், நிரல் ஓடும்போது நடப்பதை லாக்கில் எழுதி வைப்பதுதான் அதன் வேலை. 2013-இல் அதில் ஒரு வசதியைச் சேர்த்திருந்தார்கள். எழுத வேண்டிய வரிக்குள் ஒரு ஜேஎன்டிஐ முகவரி (வேறொரு இடத்திலிருந்து எதையாவது தேடி எடுக்கச் சொல்லும் ஜாவா முகவரி) இருந்தால் அதை வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்ளாமல் அந்த முகவரிக்கே போய்ப் பார்க்கும், அங்கிருந்து வரும் நிரலை நம் சர்வரிலேயே ஓட்டிவிடவும் வழி இருந்தது. பெயர் கேட்கிற பெட்டியில் வெளியாள் ஒருவர் அந்த வரியைத் தட்டினால் போதும். மைன்கிராஃப்டில் சாட் பெட்டியில் தட்டியே சர்வரைப் பிடித்தார்கள்.

அன்று சாயங்காலம் எங்கள் ரிஸ்க் ஷீட்டை, அதாவது எது எவ்வளவு ஆபத்து என்று எண் போட்டு வைக்கிற பட்டியலைத் திறந்தேன். ‘மூன்றாம் தரப்பு நூலகங்கள்’ என்று ஒரே ஒரு வரி. வாய்ப்பு 2, பாதிப்பு 3, பெருக்கினால் 6, பச்சை நிறம், அதாவது கவலைப்பட வேண்டாம். அதற்கு முந்தைய வருட ஷீட்டிலும் அதே வரி, அதே எழுத்துப்பிழையோடு இருந்தது. அந்த ஷீட்டுக்கு ஒப்புதல் கொடுத்த மீட்டிங்கில் நானும் இருந்தேன், அந்த 2 எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

எத்தனை இடத்தில் இருக்கிறது என்றதற்கு முதலில் சொன்ன பதில், மூன்று சேவைகள். சனிக்கிழமை இரவுக்குள் பதினொன்று ஆகிவிட்டது. கடைசியாகக் கிடைத்தது மாதக் கடைசியில் பிடிஎஃப் அறிக்கை தயார் பண்ணுகிற ஒரு பழைய டூல். எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார், அது யார் பொறுப்பு என்றே யாருக்கும் தெரியவில்லை. ஃபைல் பெயரை வைத்துத் தேடினால் சிக்காது, ஏனென்றால் அந்த ஜார் (ஜாவா நிரலைக் கட்டி வைக்கிற ஃபைல்) இன்னொரு பெரிய ஜாருக்குள் அடைந்து கிடந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளே அந்த முகவரிக்குப் போகிற வேலையைச் செய்யும் ஜேஎன்டிஐலுக்அப் என்கிற கிளாஸ் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதை மட்டும் நீக்கிவிட்டுத் திரும்பக் கட்டினோம். அந்த டூலுக்குள் போகிற தரவில் வாடிக்கையாளர் தன் கையால் தட்டிய வீட்டு முகவரியும் இருந்தது. அதைப் பார்த்தபோது உண்மையிலேயே வயிற்றைக் கலக்கியது.

அப்புறம் லாக்4ஜேயின் திருத்திய பதிப்பு 2.15 போட்டோம். அதிலும் ஓட்டை என்று 2.16 வந்தது. அந்த இரண்டாவது ஓட்டைக்கு முதலில் கொடுத்த மதிப்பெண் 3.7 தான், அதைப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று எங்களில் பாதிப் பேர் சொன்னோம். சில நாளிலேயே அதை 9.0 ஆக்கினார்கள். ஓட்டை அதேதான், எங்கள் சர்வரும் அதேதான், எண் மட்டும்தான் மாறியது. எண் வந்தவுடன் அடுக்கி வைக்கிற பழக்கத்தை நான் அங்கேதான் விட்டேன். நம்மிடம் இது எங்கே இருக்கிறது, வெளியாள் எழுதிய எழுத்து அதுவரை போகுமா, போனால் அந்த மெஷினிலிருந்து அடுத்து எங்கே தாவலாம், இந்த மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் இப்போது மதிப்பெண்ணையே பார்க்கிறேன்.

உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம்.

மறுமொழி 1

அண்ணா, நான் டெஸ்டிங்கில் இருக்கிறேன். எங்களுடையது நூலகக் கதை இல்லை. மருத்துவமனையில் அப்பாயின்ட்மென்ட் போடுகிற ஒரு ஆப். ஆபத்துகளை வகைவகையாகப் பிரித்து யோசிக்கிற ஸ்ட்ரைட் முறையில் ஆள்மாறாட்டம், தரவைத் திருத்துதல், தகவல் கசிவு என்று ஒவ்வொரு தலைப்பாகப் போர்டில் எழுதி இரண்டு மணி நேரம் பேசினோம். மைக்ரோசாஃப்டில் 1999-இல் இரண்டு பொறியாளர்கள் வகுத்த முறை, இன்னமும் நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஓடிபி, டோக்கன், குறியாக்கம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. ஆள்மாறாட்டத்துக்கு நேராக டிக் போட்டாயிற்று.

வேறு வேலையாக உள்ளே வந்த கால் சென்டர் அக்கா போர்டைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டார், “மொபைல் நம்பர் மாத்தணும்னு போன் பண்ணா நாங்க பிறந்த தேதி மட்டும்தானே கேக்குறோம், அது பரவாயில்லையா?” நம்பர் மாறினால் ஓடிபி புது நம்பருக்குத்தான் போகும். தகவல் எங்கிருந்து எங்கே போகிறது என்று இரண்டு மணி நேரமாக நாங்கள் வரைந்த படத்தில் அந்த போன் கோடே இல்லை. போட்ட டிக்கை அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம். அதற்குப் பிறகு சப்போர்ட் ஆள் ஒருவர் இல்லாமல் நாங்கள் அந்த மீட்டிங் வைப்பதில்லை.

மறுமொழி 2

நான் இதே துறையில் ஆய்வு செய்கிறேன் தம்பி. நீங்கள் டிசம்பரில் பட்டதை ஆய்வாளர்கள் முன்னாடியே எழுதி வைத்திருக்கிறார்கள். இத்தாலியில் ட்ரெண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர், மருத்துவ ஆய்வில் நோய் வந்தவரையும் வராதவரையும் ஒப்பிடுவதுபோல, தாக்குதலுக்கு உள்ளான ஓட்டைகளையும் உள்ளாகாதவற்றையும் ஒப்பிட்டு 2014-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சிவிஎஸ்எஸ் மதிப்பெண் (நீங்கள் சொன்ன 10, 3.7, 9.0 எல்லாம் அதுதான்) அதிகம் என்பதற்காக மட்டும் ஒன்றைச் சரிசெய்வது, கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றை எடுத்துச் சரிசெய்வதற்குச் சமம் என்று வந்தது முடிவு. ஹார்ட்பிளீடை நினைத்துப் பாருங்கள், 2014-இல் இணையத்தையே உலுக்கிய ஓட்டை, அன்றைய கணக்கில் அதற்குக் கிடைத்தது 5.0. அந்த மதிப்பெண் தீவிரத்தைச் சொல்வது, நம் இடத்தில் இருக்கும் இடரை அது சொல்லாது. சிவிஎஸ்எஸ்ஸைப் பராமரிக்கிற அமைப்பின் வழிகாட்டியிலேயே அப்படித்தான் இருக்கிறது, ஆனால் அந்தப் பக்கம் வரை போய்ப் படிப்பவர்கள் குறைவு.

பச்சை, மஞ்சள், சிவப்புக் கட்டத்துக்கும் இதே பிரச்சினை உண்டு. 2008-இலேயே டோனி காக்ஸ் என்பவர் கணக்குப் போட்டுக் காட்டினார், அளவில் வெகுவாக வேறுபடுகிற இடர்கள் ஒரே கட்டத்தில் விழலாம், சில சமயம் சின்னது பெரியதுக்கு மேலேகூட உட்காரும். என் வகுப்பில் ‘நடக்க வாய்ப்புண்டு’ என்றால் நூற்றுக்கு எவ்வளவு என்று துண்டுச் சீட்டில் எழுதச் சொன்னேன். ஒரே பெஞ்சில் இருந்த இருவரில் ஒருவர் 20 போட்டார், இன்னொருவர் 75. இந்த இருவரும் ஒரே ஷீட்டில் 3 என்று எழுதிவிட்டு ஒத்துப்போனதாக நினைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

எண் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடுத்த 30 நாளில் தாக்கப்பட எவ்வளவு வாய்ப்பு என்று சொல்கிற ஈபிஎஸ்எஸ் இருக்கிறது, உண்மையிலேயே தாக்கப்பட்டவற்றை மட்டும் அடுக்கி அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா வெளியிடுகிற பட்டியலும் இருக்கிறது. அவற்றைத் தினமும் பாருங்கள். ஆனால் உங்கள் பிடிஎஃப் டூல் எந்த ஜாருக்குள் ஒளிந்திருக்கிறது என்று அந்தப் பட்டியல் எதுவும் சொல்லாது.

மறுமொழி 3

தொடக்கப் பதிவு போட்டது நான்தான். நன்றி அண்ணா, அந்த 2014 கட்டுரையை இன்றைக்கே தேடிப் படிக்கிறேன். தங்கச்சி சொன்ன போன் கதையைப் படித்துவிட்டு எங்கள் படத்தை எடுத்துப் பார்த்தேன், எங்களிடமும் அந்தக் கோடு இல்லை. திங்கட்கிழமை சப்போர்ட் டீமிலிருந்து இரண்டு பேரை வரச் சொல்லியிருக்கிறேன். இப்போது நிரலைக் கட்டுகிற ஒவ்வொரு முறையும், அதாவது ஒவ்வொரு பில்டிலும், உள்ளே என்னென்ன நூலகம், எந்தப் பதிப்பு என்று பட்டியல் தானாக வந்துவிடுகிறது, பக்கத்தில் பொறுப்பாளர் பெயருக்கு ஒரு பத்தியும் சேர்த்திருக்கிறோம். அதில் இன்னும் நான்கு கட்டம் காலியாகவே இருக்கிறது.