கடல் தண்ணீரில் எவ்வளவு இரும்பு?

சித்தி பாலக்கோடு: கரைக்கு வந்து சேர்ந்தாயா பாப்பா?

அக்கா: காலையிலேயே ஆய்வுக் கப்பலிலிருந்து இறங்கிவிட்டேன் சித்தி. சோதிக்க எடுத்த கடல் தண்ணீர் பாட்டில்கள் எல்லாம் பத்திரம்.

பெரியப்பா: எனக்கு ஒரு சந்தேகம். கடல் தண்ணீரை மொண்டு சோதிக்க எதற்கு இவ்வளவு ஏற்பாடு?

அக்கா: கப்பலே இரும்புதானே பெரியப்பா. துரு, பெயிண்ட், கம்பி வடம் எது பட்டாலும் அளவு கெட்டுவிடும். நடுக்கடலின் மேல்தண்ணீரில் பல இடங்களில் லிட்டருக்கு 50 நானோகிராம் இரும்புகூட இருக்காது. நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒரு கிராம் சேர்க்க 2 கோடி லிட்டர் வேண்டும். நம் ஊருக்கு வரும் 10,000 லிட்டர் டேங்கர் லாரியில் 2,000 லோடு!

நான்: அப்புறம் எப்படித்தான் எடுக்கிறீர்கள்?

அக்கா: பாட்டிலின் உட்புறம் டெஃப்லான் பூச்சு, சட்டம் டைட்டானியம், வடம் கெவ்லார் என்கிற உறுதியான செயற்கை இழை. அமிலத்தில் நாள்கணக்கில் ஊறவைத்துக் கழுவிய பாட்டிலில்தான் தண்ணீர் பிடிப்போம். வளையலைக் கழற்றி, கையுறை போட்டு, வடிகட்டிய காற்று வரும் அறைக்குள் வேலை. இந்தச் சுத்தத்தைப் பிடிவாதமாகக் கொண்டுவந்தவர் கிளேர் பேட்டர்சன் என்கிற அமெரிக்க வேதியியலாளர். கடலில் ஈயம் என்று அதற்குமுன் எழுதிவைத்த அளவுகளில் பெரும்பகுதி பாத்திரத்திலிருந்தும் கையிலிருந்தும் ஒட்டியது என்று காட்டினார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

மாமா காவேரிப்பட்டணம்: மழைக்காலத்தில் நம் தென்பெண்ணை செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு சிவப்பாக ஓடுகிறதே. கடலூரில் கடலில்தானே சேருகிறது? அந்த இரும்பெல்லாம் எங்கே போகிறது?

அக்கா: நல்ல கேள்வி மாமா. வண்டலில் பாதி அணையிலேயே தங்கிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தில், கரைந்ததுபோல் தெரிகிற இரும்புகூட மிக நுண்ணிய துகள்தான். உப்புத்தண்ணீர் பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு முகத்துவாரத்திலேயே படிந்துவிடும். நடுக்கடலின் மேல்தண்ணீருக்குப் பல இடங்களில் பாலைவனத் தூசியோடு காற்று கொண்டுபோய்ச் சேர்க்கும் இரும்புதான் முக்கியம். அந்தத் துளி இரும்பு இல்லாமல் கடலில் மிதக்கும் நுண்பாசி வளராது. ஜான் மார்ட்டின் என்கிற அமெரிக்கக் கடலியலாளர் இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1993இல் பசிபிக் கடலில் கலாபகஸ் தீவுகளுக்கு அருகே இரும்புக் கரைசலைக் கடலில் விட்டார்கள், பாசி பெருகியது. அதைப் பார்க்க அவர் இல்லை, சில மாதங்களுக்கு முன்புதான் இறந்துபோனார்.

பெரியப்பா: பாவம்.

நான்: ஈயம் இப்போது எப்படி?

அக்கா: பெட்ரோலில் ஈயம் கலந்த காலத்தில் புகையோடு போய்க் கடலில் விழுந்தது. நம் நாட்டில் 2000இல் நிறுத்தினார்கள். உலகமெங்கும் நிறுத்த நிறுத்த, அட்லாண்டிக் மேல்தண்ணீரில் ஈயம் நன்றாகவே குறைந்தது.

சித்தி பாலக்கோடு: அப்போது மீன் பயமில்லாமல் சாப்பிடலாமா? சின்னவள் பிள்ளை பெற்று வந்திருக்கிறாள். பால் ஊறும் என்று சுறாப்புட்டு செய்யலாம் என்றிருந்தேன்.

அக்கா: சுறா மட்டும் வேண்டாம் சித்தி. தண்ணீரில் பாதரசம் துளிதான், ஆனால் சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். சுறாவில் அதிகம், தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்கும் கொஞ்சம் போகும். மத்தி, நெத்திலி வாங்குங்கள். இவற்றில் பாதரசம் குறைவு, சத்தும் நல்லது.

சித்தி பாலக்கோடு: சரிடா பாப்பா. மீன்காரரிடம் நாளைக்கு மத்தி சொல்லிவிடுகிறேன்.